இது வேலை வலி மட்டும்தானா? முதுகெலும்புத் தொற்றும் கண்டி மலைகளும்

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முதுகு வலியை யாரும் நோய் என்று சொல்வதில்லை. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ஹந்தானை, மடுல்கலை என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் நாற்பதைத் தாண்டிய பெண்களின் பதில் ஒன்றுதான்: "இடுப்பு வலி இல்லாத ஆளு யாரு இருக்கா?" யாழ்ப்பாணத்தில் நாரி நோவு என்பார்கள், மலையகத்தில் இடுப்புக் கடுப்பு என்பார்கள். பெயர் எதுவானாலும் வைத்தியம் ஒன்றே. தைலம் தேய்த்து, இரண்டு பெனடோல் போட்டு, மறுநாள் மலைக்குப் போக வேண்டியதுதான்.

இதில் தப்பு சொல்லவும் முடியாது. தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் வைத்து நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் முதுகு வலிக்கத்தானே செய்யும்? அப்படி வருகிற வலியில் பெரும்பகுதி தசையின் வலி. ஓய்வு கொடுத்தால் குறையும்.

ஆனால் இந்தப் பெரிய கூட்டத்துக்குள் வேறொரு வலியும் சத்தமில்லாமல் நிற்கிறது. இரத்தத்தின் வழியாக வந்த கிருமி முள்ளெலும்பில் தங்கி, எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, சீழ் கட்டி, கடைசியில் முதுகுத்தண்டை அழுத்துகிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் மருந்தாலேயே குணமாகும். பிந்திக் கண்டுபிடித்தால் கிருமி சாகும், ஆனால் போன கால்கள் திரும்பி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இந்த நோயை மனிதர்கள் எப்படி அடையாளம் கண்டார்கள், வைத்தியம் எப்படி மாறியது, அதில் நம்முடைய மலைகள் எங்கே நிற்கின்றன என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கூன் விழுந்தவர்களின் கதை

நம் கதைகளில் கூன் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். கம்பராமாயணத்துக் கூனி இல்லாவிட்டால் இராமன் காட்டுக்கே போயிருக்க மாட்டான். மதுரையை ஆண்ட கூன் பாண்டியனுக்குத் திருஞானசம்பந்தரால் கூன் நிமிர்ந்தது, அவனே நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்பது சைவ மரபு. ஒரு கதையில் கூன் குணத்தின் அடையாளம், இன்னொன்றில் அருளால் நீங்கும் குறை. எந்த எலும்பு எதனால் வளைந்தது என்று கதைகள் கேட்பதில்லை. ஊரும் கேட்பதில்லை. கூனன், கூனி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

எல்லாக் கூனும் கிருமியால் வருவதில்லை. வயதானவர்களுக்கு எலும்பு தேய்ந்து முதுகு வட்டமாக வளையும். சிலருக்குப் பிறப்பிலேயே இருக்கும். கிருமி தின்ற முதுகின் அடையாளம் வேறு. ஒன்றிரண்டு முள்ளெலும்புகள் முன்பக்கம் கரைந்து, ஆப்பு போல நொறுங்கி, முதுகில் ஓர் இடம் மட்டும் முழங்கை மடங்கியது போலக் கூர்மையாகத் துருத்தி நிற்கும்.

அந்த அடையாளத்துக்கு மிகப் பழைய சாட்சி எகிப்திலிருந்து வருகிறது. ஆமுன் கோயிலின் பூசாரியான நெஸ்பெரெஹான், 21ஆம் அரச வம்சத்துக் காலத்தவர், ஏறத்தாழ 3000 வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய பதப்படுத்திய உடலை எலியட் ஸ்மித், ரஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1910இல் விவரித்தார்கள். முள்ளெலும்புகள் நொறுங்கியிருந்தன. முதுகிலிருந்து இடுப்பின் உட்பக்கமாகத் தொடைக்கு இறங்கும் தசையின் வழியே சீழ் வடிந்த தடமும் அப்படியே இருந்தது. இன்றைக்கும் முதுகெலும்புக் காசநோய் உள்ள சிலருக்குத் தொடை இடுக்கில் சூடோ சிவப்போ இல்லாத ஒரு வீக்கம் வரும். முதுகில் உண்டான சீழ் அதே தசை வழியாக இறங்கி அங்கே வந்து நிற்கிறது.

மருத்துவத்தில் இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தவர் லண்டன் அறுவை மருத்துவர் பேர்சிவல் பொட். முதுகு வளைந்தவர்களுக்குக் கால்கள் ஏன் செயலிழக்கின்றன என்பதை 1779இல் எழுதினார். எலும்பே நோய்ப்பட்டிருக்கிறது, கால்கள் போவது அதனால்தான் என்று கண்டார். அதே வருடம் பிரான்சின் ரூவான் நகரத்தில் ழான் பியேர் டாவிட் என்பவரும் இதே நோயை விவரித்தார். பொட்டின் வைத்தியத்தைக் கேட்டால் கொஞ்சம் நடுங்கும். கூனுக்குப் பக்கத்தில் தோலைக் காரத்தால் சுட்டுப் புண்ணாக்கி, அதை ஆறவிடாமல் வைத்துச் சீழை வெளியே இழுக்கப் பார்த்தார். எந்தக் கிருமியோடு சண்டை போடுகிறோம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதை றொபேர்ட் கொக் பேர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24ஆம் திகதி. அந்த நாளைத்தான் நாம் உலக காசநோய் தினம் என்று கொண்டாடுகிறோம்.

நம்மில் பலர் அரசியல் வகுப்புகளில் படித்த அந்தோனியோ கிராம்சியும் இந்த வரிசையில் வருகிறார். சார்டினியாவில் பிறந்த அவருக்குச் சின்ன வயதிலேயே முதுகு வளைந்தது. வேலைக்காரப் பெண்ணின் கையிலிருந்து தவறி விழுந்ததுதான் காரணம் என்று வீட்டார் நம்பினார்கள். முசோலினியின் சிறையில் 1933இல் அவரைப் பரிசோதித்த மருத்துவப் பேராசிரியர் ஆர்காஞ்செலி, பொட் நோய் என்று எழுதினார். அதற்குள் கிராம்சிக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இந்த "விழுந்த கதை" நமக்கும் நன்றாகத் தெரிந்த கதைதானே. "சின்னதுல படியில வழுக்கி விழுந்துச்சு, அதுல இருந்துதான் இப்புடி" என்று சொல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் எல்லோரும் விழுவார்கள். அதனால் எந்த முதுகு வலிக்கும் பின்னால் தேடினால் ஒரு விழுகை கிடைத்துவிடும். காரணம் கிடைத்ததும் தேடலும் நின்றுவிடும்.

மலையில் யாருடைய நோய் எண்ணப்பட்டது?

சரி, இதுக்கும் கண்டிக்கும் என்ன சம்பந்தம்?

1820களில் கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் வரத் தொடங்கின. அதற்கு ஆள் தமிழகத்திலிருந்து வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக நடந்து வந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். அந்தப் பாதையை நினைவுகூரத்தான் 2023இல் மலையகம் 200ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டதும், கோப்பி நோய்ப்பட்டுப் போனதும், மலை முழுக்கத் தேயிலையானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத்தைச் சட்டமாக்கியது 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். தோட்டங்களிலிருந்து வரி எடுத்து மாவட்டங்களில் ஆஸ்பத்திரியும் மருந்தகமும் நடத்துவது ஏற்பாடு. 1912இல் அது திருத்தி எழுதப்பட்டது. அதன் பின் 1916இல் அமெரிக்காவின் றொக்ஃபெல்லர் அமைப்பு இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது முதலில் இறங்கிய இடம் மாத்தளை. தொழிலாளியின் இரத்தம் வற்றினால் வேலை குறையும் என்பதைத் துரைமாருக்குப் புரியவைப்பது கஷ்டமாக இருக்கவில்லை.

எந்த நோய்கள் கணக்கில் வந்தன என்று பாருங்கள். காலரா, அம்மை போன்றவை சட்டென்று பரவும், துரை பங்களாவுக்கும் போகும். அதனால் மண்டபம் முகாமிலேயே ஆட்களை மறித்துப் பார்த்தார்கள். கொக்கிப்புழு உழைப்பைக் குறைக்கும். மெதுவாக, ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒருவரை மட்டும் முடக்கும் நோய்க்கு இந்தக் கணக்கில் அவசரம் இருக்கவில்லை என்பது எங்கள் வாசிப்பு. முதுகு மடங்கி வேலைக்கு வர முடியாதவர் செக்ரோலில் இருந்து விழுந்துவிடுவார். அவருடைய இடத்துக்கு வீட்டில் இன்னொருவர் போவார்.

காசநோய்க்கோ லயம் வசதியான இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, சரியான ஜன்னல் இல்லை, அடுப்புப் புகை, அதற்குள் ஆறு ஏழு பேர். ஒருவர் இருமினால் எல்லோரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். இப்படி நுரையீரலுக்குள் போன கிருமி எல்லோருக்கும் நோயைத் தருவதில்லை. பெரும்பாலானோருக்கு உடம்பே அதைப் பிடித்துக் கட்டி வைத்துவிடும். சிலருக்கு அது இரத்தத்தோடு போய் எலும்பில் ஒதுங்கி, மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ சும்மா கிடக்கும். சாப்பாடு குறையும்போது, வயதாகும்போது, நீரிழிவு வரும்போது விழிக்கும். எலும்பு, மூட்டுக் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியபோது அரசிடம் கேள்வி கேட்கிற உரிமையும் போனது. சுதந்திரத்துக்குப் பிறகும் நாட்டின் இலவச சுகாதார சேவை ஒரு பாதையிலும் தோட்ட சுகாதாரம் இன்னொரு பாதையிலும் ஓடின. 1972க்கும் 1975க்கும் இடையில் தோட்டங்கள் தேசியமயமான பிறகுதான் இரண்டும் மெல்ல மெல்ல நெருங்கின. இன்றும் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ ஒரு தடவை போய் வர ஒரு நாள் போகும். ஒரு நாள் போனால் ஒரு பேர் போகும். அதனால் இடுப்பு வலிக்காக யாரும் பஸ் ஏறுவதில்லை.

படுக்கையிலிருந்து வீட்டுக்கு

மருந்து இல்லாத காலத்தில் முதுகெலும்புக் காசநோய்க்கு ஒரே வழி படுக்கை. பிள்ளைகளை மாவுக்கட்டில் மல்லாக்கப் படுக்க வைத்து, வெயிலும் காற்றும் படும்படி மாதங்களாக, சிலரை வருடங்களாகவே வைத்திருந்தார்கள். நியூயோர்க்கில் ரஸல் ஹிப்ஸும் ஃப்ரெட் ஆல்பீயும் 1911இல் நோய்ப்பட்ட முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் அறுவையைத் தனித்தனியாக அறிவித்தார்கள். தமிழகத்தில் டாக்டர் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் இல்லம் திறந்தார். ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் நின்றுவிட்டது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு என்பதுதான் அந்தக் கால மருந்துச் சீட்டு. இது மூன்றும் கிடைக்காதவர்களுக்குத்தான் நோய் அதிகம் வந்தது.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. கிருமியைக் கொல்ல மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் படுக்கை எத்தனை? ஏழை நாடுகளில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் ஒன்றுமே இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது மெட்ராஸிலிருந்து. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று நாலு பேர் சேர்ந்த வேலை. வாலஸ் ஃபொக்ஸ் அதை வழிநடத்தினார். நுரையீரல் காசநோய் உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை சானடோரியத்தில் சேர்த்தார்கள், மற்றப் பகுதிக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். இரு பகுதிக்கும் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடிசைகளில், குறைந்த சாப்பாட்டோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தார்கள். 1959இல் முடிவு வெளியானபோது இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டாருக்குத் தொற்றுவதும் கூடவில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் குடிசையிலும் குணமாகும் என்று நிரூபணமானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

நுரையீரல் சரி, முதுகெலும்பு? எலும்பு நொறுங்கும் நோயில் ஆளை நடக்க விடுவதா என்று மருத்துவர்கள் பயந்தார்கள். நைஜீரியாவின் இபதானில் கொன்ஸ்டம் என்ற மருத்துவர் படுக்கை இல்லாத குறையால் நோயாளிகளுக்கு மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். பலர் குணமானார்கள் என்று 1962இல் எழுதினார். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை முறையாகச் சோதித்தது. கொரியாவின் மாசானில் ஆறு மாதப் படுக்கையையும் வெளிநோயாளர் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். பூசானில் மாவுக்கட்டு போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். மருந்து சரியாகப் போனால் படுக்கையோ மாவுக்கட்டோ கூடுதலாக எதையும் தரவில்லை. ஹொங்கொங்கில் ஹொட்சனும் ஸ்டொக்கும் வளர்த்தெடுத்த அறுவையில், நோய்ப்பட்ட எலும்பை முன்பக்கமாக முழுக்க எடுத்துவிட்டு ஒட்டெலும்பு வைத்தார்கள். அதில் முதுகு வளைவது குறைந்தது. ஆனால் அதற்கு அங்கே இருந்த மாதிரி மருத்துவரும் அறுவைக் கூடமும் வேண்டும்.

1975க்குப் பிறகு மெட்ராஸில் இன்னொரு ஆய்வு நடந்தது. நடக்க முடிந்த முதுகெலும்புக் காசநோயாளிகளில் சிலருக்கு ஹொங்கொங் அறுவையும் ஆறு மாத மருந்தும், மற்றவர்களுக்கு அறுவை இல்லாமல் ஆறு மாதம் அல்லது ஒன்பது மாத மருந்து மட்டும். மருந்து ஐசோனியாசிட்டும் றிஃபாம்பிசினும். பத்து வருடங்கள் அவர்களை விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1999இல் வெளியான அறிக்கையின்படி மூன்று குழுவிலும் பத்தில் ஒன்பது பேர் அல்லது அதற்கு மேல் நல்ல நிலையில் இருந்தார்கள். அறுவை இல்லாதவர்கள் பின்தங்கவில்லை. கிருமியைக் கொல்வதற்கு மட்டும் கத்தி தேவையில்லை என்பது தெளிவானது.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. மெட்ராஸில் டி.கே. சண்முகசுந்தரத்தோடு வேலை செய்த எஸ். ராஜசேகரன், எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை வைத்துக் கூன் எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே கணக்கிடும் வழியை அவரோடு சேர்ந்து 1987இல் வெளியிட்டார். பிள்ளைகளை நீண்ட காலம் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. கிருமி முழுக்கச் செத்த பிறகும் வளர வளரச் சில பிள்ளைகளின் முதுகு மடங்கிக்கொண்டே போகிறது. 2001இல் அவர் எக்ஸ்ரேயில் தெரியும் நான்கு எச்சரிக்கை அடையாளங்களைச் சொன்னார். அவற்றில் இரண்டுக்கு மேல் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அறுவை பற்றி யோசிக்க வேண்டும். அதனால்தான் மருந்து முடிந்த பிள்ளையையும் வளர்ச்சி நிற்கும்வரை கிளினிக்குக்கு வரச் சொல்கிறார்கள். "சுகமாயிருச்சே, இனி எதுக்கு?" என்று நின்றுவிடக் கூடாது.

இலங்கையில் இந்த மருந்துகள் இலவசம். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசின் மார்பு நோய் கிளினிக் இருக்கிறது. நல்ல மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பின்னால் நிற்கிற பெயர்களில் ஒன்று சேனக பிபிலே. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர், 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் சிற்பி. மருந்தின் வணிகப் பெயருக்குப் பதில் அதன் உண்மைப் பெயரில் வாங்கினால் ஏழை நாடும் தன் மக்களுக்கு மருந்து கொடுக்கலாம் என்று காட்டியவர்.

காசநோய் மட்டும் இல்லை

முதுகெலும்பைத் தாக்கும் கிருமிகள் வேறும் உண்டு. அதிகம் காணப்படுவது ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ், அதாவது தோல் கட்டிகளில் சீழ் உண்டாக்கும் அதே கிருமி. ஆறாத கால் புண், சிறுநீர்த் தொற்று, டயலிசிஸ் குழாய், ஊசி போன இடம் என்று எங்கிருந்தாவது இரத்தத்தில் ஏறி முதுகில் இறங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூட. காசநோய் மாதக்கணக்கில் செய்வதை இது வாரங்களில், சில நேரம் நாட்களில் செய்யும். முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள இடத்தில் சீழ் சேர்ந்தால் காலைத் தூக்க முடியாமல் போக ஒரு நாளே போதும். பென்சிலினுக்கு முன் இந்த நோய் பலரைக் கொண்டுபோனது. இன்று பொருத்தமான அன்டிபயோட்டிக் ஆறு வாரம் கொடுத்தால் பெரும்பாலானோருக்குப் போதும். பன்னிரண்டு வாரம் கொடுப்பதை விட அது குறைந்ததில்லை என்று பிரான்சில் நடந்த ஆய்வு 2015இல் காட்டியது.

இன்னொன்று மெலியொய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வருவது. ரங்கூனில் 1912இல் வைற்மோரும் அவரோடு வேலை செய்த கிருஷ்ணசுவாமியும் இதை முதலில் விவரித்தார்கள். இலங்கையில் 1927இல் பதிவான முதல் நோயாளி ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகர். அதன் பின் பல பத்தாண்டுகள் இந்த நாட்டில் இது கிட்டத்தட்ட இல்லாத நோய் போலவே இருந்தது. நோய் இல்லாமல் இருந்ததா, தேடாமல் இருந்தோமா? கொழும்பில் எனோக்கா கொரேயா, பேராதனையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் வசந்தி தேவநேசம் போன்றவர்கள் ஆய்வுகூடங்களில் இதைத் தேடத் தொடங்கியதும் பதில் கிடைத்தது. 2006க்கும் 2014க்கும் இடையில் மட்டும் 32 நோயாளிகள். வயலிலும் மண்ணிலும் வேலை செய்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் அதிகம். இந்தக் கிருமி நுரையீரல், ஈரல், மூட்டு, முதுகெலும்பு என்று எங்கும் போகும், காசநோய் மாதிரியே நடிக்கும். காசநோய் என்று நினைத்து அந்த மருந்தைக் கொடுத்தால் குணமாகாது. இதற்கு மருந்தே வேறு, அதையும் மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். கிருமியின் பெயர் தெரியாமல் மருந்து தொடங்கக் கூடாது என்பது இதனால்தான்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது?

வேலை வலி படுத்தால் குறையும். இந்த வலி படுத்தாலும் விடாது, ராத்திரியில் எழுப்பிவிடும். மூன்று நாலு வாரத்துக்கு மேல் போனாலும் குறையாமல் கூடிக்கொண்டே வரும். முதுகில் ஓர் இடத்தில் தட்டினால் "அங்கதான்" என்று ஆள் துடிப்பார். பின்னேரக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, பசியின்மை, எடை குறைதல் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் காய்ச்சல் இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது, பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. இருமலும் இருக்காது. சின்னப் பிள்ளைகள் வலியைச் சொல்லமாட்டார்கள். குனிந்து பொருளை எடுக்காமல் முதுகை நேராக வைத்தபடி உட்கார்ந்து எடுப்பார்கள், தூக்கத்தில் அலறுவார்கள், விளையாட வரமாட்டார்கள்.

கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, மலவாசலைச் சுற்றி உணர்வு இல்லாதது, இவற்றில் எது வந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க முடியாது. அன்றைக்கே பெரிய வைத்தியசாலை. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வைத்தியசாலையில் முதலில் எடுப்பது இரத்தம். இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி இரண்டும் உடம்புக்குள் அழற்சி இருக்கிறதா என்று சொல்லும். மலிவான பரிசோதனைகள், ஆனால் நூற்றுக்கணக்கான முதுகு வலிகளுக்குள் யாரை மேலே அனுப்ப வேண்டும் என்று காட்டுவதில் இவற்றுக்குப் பெரிய வேலை உண்டு. எக்ஸ்ரே ஆரம்பத்தில் ஏமாற்றும், எலும்பின் கணிசமான பகுதி கரைந்த பிறகுதான் அதில் தெரியும். "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் இப்படித்தான் தவறவிடப்படுகிறார்கள். தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. பிறகு இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, தேவைப்பட்டால் ஸ்கேன் பார்த்தபடி ஊசி போட்டு எலும்பில் துளி எடுத்து, எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பார்கள். அவசரம் இல்லாத நோயாளிக்கு இது முடியும்வரை அன்டிபயோட்டிக் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். பாமசியில் வாங்கி நாமே நாலு குளிசை போட்டுவிட்டுப் போனால் கிருமி பாதி செத்து ஒளிந்துவிடும், சோதனையில் அகப்படாது.

காசநோய் என்று உறுதியானால் பொதுவாக முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு குறைந்த எண்ணிக்கையில் தொடர்ந்து, மொத்தம் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். றிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால் மட்டும் உடனே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் வலி போய்விடும், அந்த இடத்தில்தான் பலர் மருந்தை விடுகிறார்கள். விட்டால் மருந்துக்கு மசியாத கிருமி திரும்பி வரும். கால் பலவீனம் கூடிக்கொண்டே போனால், முதுகு நிலையில்லாமல் ஆடினால், பெரிய சீழ் நின்றால், மருந்து பலிக்காவிட்டால் அறுவை தேவைப்படும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் கிருமி தின்ற எலும்பை அமுக்கி உருவினால் நொறுங்கும். ஆகவே மேலே சொன்ன அடையாளம் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு மற்றது.

கிளினிக் சுவர்களில் காசநோய் பற்றி ஒட்டியிருக்கும் சுவரொட்டிகள் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா என்று கேட்கின்றன. நல்ல கேள்வி, நுரையீரல் காசநோயை அதுதான் பிடித்துத் தருகிறது. முதுகெலும்பில் காசநோய் உள்ள ஒருவர் அந்தச் சுவரொட்டியை வாசித்துவிட்டு, எனக்கு இருமல் இல்லையே என்று சந்தோஷமாகப் போய்விடலாம். அதனால் அதன் கீழே இன்னொரு கேள்வியும் வேண்டும் என்று நினைக்கிறோம்: படுத்தாலும் குறையாத முதுகு வலி ஒரு மாதமாக இருக்கிறதா?

சுவரொட்டி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தோட்டத்து மருந்தகத்தில், வாசிகசாலையில், இளைஞர் கழகத்தில், லயத்து வாசலில் இதை நாமே கேட்கலாம். அம்மாவிடம், அத்தையிடம், பக்கத்துக் காம்பரா பாட்டியிடம் "இடுப்பு வலிக்குதா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "ராத்திரியில படுத்த பிறகும் வலிக்குதா? எத்தன நாளா?" என்று அடுத்ததையும் கேளுங்கள். ஆமாம், ஒரு மாசமா என்று பதில் வந்தால் ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.